புதுக் காய்ச்சல் வந்தால் எதை மூடுவது, எப்போது மூடுவது? திருப்பூருக்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்த அனுபவம்

பல்லடம் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்துகிறேன். வடக்கே கொஞ்ச தூரம் போனால் திருப்பூரின் பனியன் கம்பெனிகள். ஊரைச் சுற்றிக் கறிக்கோழிப் பண்ணைகள். கிழக்கே போனால் நாமக்கல், அங்கே முட்டைக் கோழி. பறவையிடமிருந்து மனிதருக்குத் தாவும் காய்ச்சலுக்கும், மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் காய்ச்சலுக்கும் வழி இருக்கிற இடம் இது. அதனால் இங்கே சுகாதார ஆய்வாளராக வேலை பார்க்கும் நண்பர் கேட்ட கேள்வியைச் சும்மா விட முடியவில்லை.

"ஏனுங்க வாத்தியாரே, புதுசா ஒரு ஃப்ளூ வருதுன்னு வெச்சுக்குங்க. பள்ளிக்கூடத்தை மூடறதுங்களா, கம்பெனியை மூடறதுங்களா? எத்தனை நாளைக்கு மூடோணும்? இதுக்கெல்லாம் கணக்கு இருக்குதுங்களா?"

இருக்கிறது. நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவான வயசு அதற்கு. 1927இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இருவர் எழுதிய கட்டுரையில்தான் இன்று எல்லோரும் பயன்படுத்தும் சமன்பாடு முழு வடிவம் பெற்றது. மெக்கென்ட்ரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்த மருத்துவர், கசௌலியில் வேலை பார்த்தவர். கெர்மாக் ஆய்வக விபத்தில் கண்பார்வை இழந்த வேதியியலாளர். தங்கள் சமன்பாடு சரியா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது 1905-06இல் பம்பாயில் பிளேக்கில் இறந்தவர்களின் வாராந்திரக் கணக்கு. அந்தக் காலத்துப் பிளேக் கோவைக்கும் வந்தது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. இந்தக் கணக்கு நம் மண்ணுக்குப் புதிதல்ல என்று அதைப் படித்தபோது தோன்றியது.

எக்செல்லில் நான்கு பத்திகள்

ஒரு லட்சம் பேர் உள்ள ஊர் என்று வைத்துக்கொண்டேன். ஆட்களை நான்கு பத்தியாகப் பிரித்தேன்: இன்னும் தொற்றாதவர்கள், தொற்றியும் பரப்பத் தொடங்காதவர்கள், பரப்புகிறவர்கள், தேறியவர்கள். இறந்தவர்களும் கணக்கில் கடைசிப் பத்தியில்தான் வருவார்கள், அதை எழுதும்போது மனசு கொஞ்சம் நிற்கத்தான் செய்கிறது.

பரவல் எண் என்பது, யாருக்குமே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஊரில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுப்பார் என்பது. 'ஆர் நாட்' என்று கொரோனா காலத்தில் டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்களே, அதுதான். 2009இல் வந்த எச்1என்1 காய்ச்சலுக்கு இது 1.5ஐ ஒட்டி இருந்தது. 1918 காய்ச்சலுக்கு 1.8 முதல் 2 வரை சொல்கிறார்கள், சில ஆய்வுகள் அதற்கும் மேலே போகின்றன. வழக்கமான பருவக் காய்ச்சலுக்கு 1.3 அளவில்தான். தட்டம்மைக்கு 12க்கும் மேல் என்பதோடு ஒப்பிட்டால் ஃப்ளூவின் எண் சிறியது. ஆனால் ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போக அதற்கு மூன்று நாள் போதும். வேகம் அங்கேயிருந்து வருகிறது.

தொற்றி ஒன்றரை நாள் பரப்பாமல் இருப்பார், அப்புறம் ஒன்றரை நாள் பரப்புவார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு நாளுக்கு ஒரு வரி போட்டால் இவ்வளவு குறுகிய காலங்களுக்குக் கணக்கு முரடாகிவிடும். நோயாளிகள் இரட்டிப்பாக ஐந்து நாள் என்று காட்டும், உண்மையில் 4.6 நாள்தான். அதனால் கால் நாளுக்கு ஒரு வரி. இப்படிப் போட்டால் சூத்திரமும் எளிதாகிறது. ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது பத்தியில் இருப்பவர்களில் ஆறில் ஒரு பங்கு மூன்றாவதுக்குப் போகும். மூன்றாவதில் ஆறில் ஒரு பங்கு நான்காவதுக்கு. புதுத் தொற்றுக்கு, பரப்புகிறவர்களின் எண்ணிக்கையில் கால் பங்கை எடுத்து, ஊரில் இன்னும் தொற்றாதவர்கள் எத்தனை பங்கு இருக்கிறார்களோ அதால் பெருக்க வேண்டும். பரவல் எண் 1.5க்கு இவ்வளவுதான். வேறு எண் வேண்டுமென்றால் அந்தக் கால் பங்கை மட்டும் விகிதத்துக்கு மாற்றினால் போதும். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு மணி நேரத்தில் போட்டுவிடலாம்.

பத்து நோயாளியோடு தொடங்கினால் ஏழெட்டு வாரத்தில் உச்சம் வருகிறது. எதுவுமே செய்யாமல் விட்டால் கடைசியில் ஊரில் 58 சதவீதம் பேருக்குத் தொற்றிவிடும். உச்சத்தில் ஒரே நேரத்தில் 6,300 பேர் தொற்றோடு இருப்பார்கள், ஒரு நாளைக்குச் சுமார் 2,100 புதுத் தொற்று. நூற்றில் ஒருவருக்கு ஆஸ்பத்திரி தேவை, அவர் ஐந்து நாள் படுக்கையில் இருப்பார் என்று வைத்தால் (இது நான் வைத்துக்கொண்ட அளவு) அந்த நேரத்தில் நூறு படுக்கை வேண்டும்.

இப்போது ஆட்கள் ஒருவரையொருவர் நெருங்கிப் பழகுவதை ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறைத்துப் பார்த்தேன். பரவல் எண் 1.2க்கு இறங்குகிறது. மொத்தத் தொற்று 58இலிருந்து 31 சதவீதம். ஆனால் படுக்கை நூறிலிருந்து இருபத்தைந்தாகிவிட்டது. ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்ததற்கு உச்சம் நாலில் ஒன்றாகிவிட்டது. நண்பர் திரையை ரொம்ப நேரம் பார்த்தார். நூறு படுக்கை அவருக்குக் கிடைக்காது. இருபத்தைந்துக்கு வழி பண்ணலாம்.

சொம்பும் புளியங்கொட்டையும்

எக்செல் எண்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபடுவதில்லை. அது சராசரிகளின் கணக்கு. ஒரே ஒரு நோயாளி ஊருக்குள் வருகிறார் என்றால் சராசரிக்கு அங்கே வேலையில்லை, அதிர்ஷ்டம்தான் ஆடும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்ட இப்படிச் செய்தோம்.

ஒன்று முதல் பத்து வரை சீட்டு எழுதி ஒரு சொம்பில் போட வேண்டும். தரையில் ஒரு புளியங்கொட்டை. அதுதான் முதல் நோயாளி. சொம்பைக் குலுக்கிச் சீட்டு எடுத்தால், ஐந்து முதல் பத்து வரை வந்தால் அவர் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார், பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை சேர்க்க வேண்டும். ஒன்று முதல் நான்கு வரை வந்தால் அவர் தேறிவிட்டார், அந்தக் கொட்டையை எடுத்துவிடலாம். சீட்டைத் திரும்பச் சொம்பில் போட்டுக் குலுக்கி, அவர் தேறும்வரை இதையே செய்ய வேண்டும். பிறகு அடுத்த கொட்டை. பத்தில் ஆறு கொடுப்பது, நான்கு தேறுவது என்றால் சராசரி ஒன்றரை. எக்செல்லில் வைத்த அதே பரவல் எண்.

பிள்ளைகள் ரெண்டு மூணு பேராகப் பிரிந்து திண்ணையில் உட்கார்ந்து ஆடினார்கள். சில இடங்களில் முதல் சீட்டிலேயே நான்கு விழுந்து கதை முடிந்தது. சில இடங்களில் நாலைந்து கொட்டை வரை போய் ஒவ்வொன்றாக அணைந்தது. ஒரு மூலையில் மட்டும் வரிசை நீண்டு, கொட்டை போதாமல் கூழாங்கல்லை எடுத்து வைக்க ஆரம்பித்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்ப ஒண்ணுமே பண்ணாட்டியும் முக்காவாசி தானே அணைஞ்சுருதுங்களா சார்?"

மிக நல்ல கேள்வி. சரியாகச் சொன்னால் மூன்றில் இரண்டு தடவை தானே அணையும். பரவல் எண் 1.5 என்றால் ஒரே ஒருவர் வந்து தொடங்கும் தொற்று அணைவதற்கான வாய்ப்பு ஒன்றைப் பரவல் எண்ணால் வகுத்தது. ஆனால் ஐந்து பேர் தனித்தனியாக ஊருக்குள் வந்தால் ஐந்தும் அணைய வேண்டும், அந்த வாய்ப்பு நூற்றில் 13. பத்து பேர் வந்தால் நூற்றில் இரண்டுகூட இல்லை. கிராமத்தில் ஒருவர் வெளியூரிலிருந்து வருவதும், திருப்பூரில் தன்பாத்–ஆலப்புழை வண்டி நின்று ஒரு கூட்டமே இறங்குவதும் இந்தக் கணக்கில் இரண்டு வேறு உலகம்.

காலதாமதம் என்ன விலை

2005இல் தென்கிழக்கு ஆசியாவில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த நேரம். அது மனிதருக்கு மனிதர் பரவும் வடிவத்துக்கு மாறினால் பிறந்த இடத்திலேயே அடக்கிவிட முடியுமா என்று நீல் ஃபெர்குசன், ஐரா லாங்கினி என்ற ஆய்வாளர்கள் இருவரின் குழுக்களும் தனித்தனியாகக் கணக்கு மாதிரி (மாடல்) செய்தார்கள். இரண்டு குழுவும் எடுத்துக்கொண்டது தாய்லாந்து. வீடு, பள்ளி, வேலையிடம் என்று ஒவ்வொரு ஆளையும் கணினிக்குள் வைத்து ஓட்டிய பெரிய மாதிரிகள் அவை. ஃபெர்குசன் குழுவின் முடிவு: பரவல் எண் 1.8க்குக் கீழே இருந்து, நோயாளிகள் கொஞ்சம் பேராக இருக்கும்போதே சுற்றியுள்ளவர்களுக்கு வைரஸ் தடுப்பு மருந்து கொடுத்து, பழக்கத்தையும் குறைத்தால் அடக்கலாம். 30 லட்சம் பேருக்கான மருந்து கையிருப்பு போதும். உலக சுகாதார நிறுவனம் அந்த அளவுக்கு ஒரு கையிருப்பையும் அப்போது பெற்றது.

2009இல் நடந்தது வேறு. எல்லோரும் ஆசியாவையும் கோழிகளையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, பன்றிகளில் கலந்து உருவான வைரஸ் மெக்சிகோவில் கிளம்பியது. ஏப்ரலில் அதை அடையாளம் கண்டபோதே அது பல வாரமாகப் பரவியிருந்தது. மே மாதம் இந்தியாவுக்கு வந்துவிட்டது, ஜூன் 11 அன்று உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தார்கள். அடக்குவதற்கான வாசல் திறந்திருந்த காலத்தில் யாருக்கும் அது வாசல் என்றே தெரியவில்லை.

அந்த வாசல் எவ்வளவு சீக்கிரம் மூடுகிறது என்று என் எக்செல்லில் பார்த்தேன். பரவல் எண் 1.5 என்றால் இரண்டு வாரத்தில் நோயாளிகள் எட்டு மடங்கு. ஒவ்வொரு நோயாளியைச் சுற்றியும் பத்துப் பேருக்குத் தடுப்பு மருந்து என்று வைத்தால், 20 நோயாளி இருக்கும்போது 200 பேருக்கு மருந்து போதும். இரண்டு வாரம் தள்ளினால் 1,600. இன்னும் இரண்டு வாரம் தள்ளினால் 13,000. ஓசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ மருந்து என்றால் ஒருவருக்குப் பத்து மாத்திரை, ஒரு லட்சத்து முப்பதாயிரம் மாத்திரையை யார் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? பரவல் எண் 1.8ஆக இருந்தாலோ அதே இரண்டு வாரத்தில் 24 மடங்கு.

இதில் இன்னொன்றும் சேர்கிறது. தொற்றி, காய்ச்சல் வந்து, ரெண்டு நாள் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு, கேட்காமல் டாக்டரிடம் போய், மாதிரி எடுத்து, முடிவு வர ஒரு வாரம் ஆகிவிடும். அதனால் இன்று நம் கைக்கு வரும் எண் போன வாரத்து எண். உண்மையில் ஊரில் இருப்பது அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. "உறுதியான கேஸ் எத்தனை?" என்று கேட்டு அதை வைத்து முடிவெடுக்கும் பழக்கத்தை விட வேண்டும் என்று நான் நண்பரிடம் அழுத்திச் சொன்னது இந்த இடத்தில்தான். பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், காய்ச்சலும் இருமலுமாக வருகிறவர்கள் எண்ணிக்கையை வாராவாரம் எழுதி வைத்தால் அது நாலைந்து நாள் முன்னாலேயே மேலே ஏறுவது தெரியும்.

அடக்க முடியவில்லை, பரவிவிட்டது என்றால் 'எப்போது' என்ற கேள்விக்குப் பதில் தலைகீழாகிறது. இது எனக்கே புதிதாக இருந்தது. நான்கு வாரம் மட்டும்தான் மூடி வைக்க முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழக்கம் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. இதைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டால் உச்சம் 16 நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். திறந்ததும் அதே உயரத்துக்கு ஏறும், கடைசியில் அதே 58 சதவீதம். ஏனென்றால் ஊரில் எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் கிட்டத்தட்ட யாருமே சேரவில்லை. அதே நான்கு வாரத்தை உச்சத்தை ஒட்டி வைத்தால் உச்சமும் தாழ்கிறது, மொத்தமும் குறைகிறது. பரவல் எண் 1.5க்கு ஊரில் மூன்றில் ஒரு பங்கு தேறியதும் தொற்று இறங்குமுகம் ஆகிவிடும். அப்படியும் 58 வரை போவது ஏறிய வேகத்தில். அந்த வேகத்தைத்தான் உச்சத்தில் வைக்கும் பிரேக் குறைக்கிறது.

அந்த 16 நாளுக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது, அந்த நாட்களில் செய்ய ஏதாவது இருந்தால். ஆக்சிஜன் வந்து சேருவதற்கு, நர்சுகளுக்குப் பயிற்சி கொடுப்பதற்கு அது போதும். தடுப்பூசிக்குப் போதாது. புது வைரஸுக்குத் தடுப்பூசி கைக்கு வரச் சுமார் ஆறு மாதம் ஆகும். 1918இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரம் சீக்கிரமே பள்ளி, தியேட்டர் எல்லாவற்றையும் மூடியது. பிலடெல்பியா செப்டம்பர் 28 அன்று பெரிய ஊர்வலமே நடத்தியது. பிலடெல்பியாவின் உச்சம் பயங்கரம். செயின்ட் லூயிஸ் தப்பித்தது, ஆனால் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதும் அங்கே இரண்டாவது அலை ஏறியது. என் சின்ன எக்செல் சொல்வதும் அதைத்தான்.

பள்ளிக்கூடமா, கம்பெனியா

இனித்தான் நண்பரின் முதல் கேள்வி. இதுவரை போட்டதில் எல்லோரும் எல்லோருடனும் ஒரே மாதிரி பழகுகிறார்கள். ஊர் அப்படி இல்லை.

ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 7,290 பேரிடம் ஒரு நாள் முழுக்க யாரைச் சந்தித்தீர்கள் என்று நாட்குறிப்பு எழுத வைத்த ஆய்வு 2008இல் வந்தது. 97,904 சந்திப்புகள் பதிவாயின. நேருக்கு நேர் மூன்று சொல்லாவது பேசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டிருக்க வேண்டும், அதுதான் சந்திப்பு. பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே பழகுவதுதான் எல்லா நாட்டிலும் மிக அதிகம் என்று தெரிந்தது. 'ஃப்ளூவுக்குப் பள்ளிக்கூடத்தை மூடு' என்ற வழக்கமான யோசனைக்குப் பலம் சேர்ப்பது இந்த மாதிரிக் கணக்குகள்தான்.

எங்கள் ஊருக்கு அது பொருந்துமா? கொஞ்சம் பேரிடம் அதே மாதிரி நாட்குறிப்பு எழுதி வாங்கினேன். பெரிய ஆய்வு எதுவும் இல்லை, ஊரின் வடிவம் தெரிந்தால் போதும் என்பதற்காக. படித்தபோது ஒன்று பளிச்சென்று தெரிந்தது. பவர் டேபிளில் உட்காரும் டெய்லர் ஒன்றரை ஷிப்ட் முழுக்கப் பக்கத்து மெஷின்காரரோடும் எதிரில் இருப்பவரோடும்தான் பேசுகிறார். துணிக்கட்டு தூக்கி டேபிளுக்கு டேபிள் ஓடும் உதவியாள் கம்பெனி முழுக்க எல்லோரையும் நெருங்குகிறார். இரவு ஹாஸ்டலில் ஒரே அறையில் அடுக்குக் கட்டில், ஒரே சாப்பாட்டுக் கூடம், காலையில் நெருக்கியடித்துக் கம்பெனி பஸ். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கடைவீதி. பதினெட்டு வயசு தாண்டியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அளவுக்கு நெருங்கிப் பழகும் வாழ்க்கை அது.

அதனால் இரண்டு ஊர் வைத்தேன். ஒவ்வொன்றிலும் பள்ளிப் பிள்ளைகள், பெரியவர்கள் என்று இரண்டு கூட்டம். இரண்டு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்ற விகிதம். இனி வரும் எண்கள் என் அனுமானம், ஆனால் உத்தேசமாகப் பொருந்துகிற அனுமானம்.

முதல் ஊர், கோபிசெட்டிபாளையம் பக்கத்துச் சின்ன ஊர் என்று நினைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளை 1.2 பிள்ளைக்கும் 0.4 பெரியவருக்கும் கொடுக்கிறது. ஒரு பெரியவர் 0.2 பிள்ளைக்கும் 0.9 பெரியவருக்கும் கொடுக்கிறார். இந்த நான்கு எண்ணிலிருந்து ஊரின் பரவல் எண்ணை எடுக்கப் பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடு போதும். 1.2, 0.9 இரண்டையும் கூட்டினால் 2.1. அவற்றின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, 0.4ஐயும் 0.2ஐயும் பெருக்கியதன் நான்கு மடங்கைச் சேர்த்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.64. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 1.37.

இரண்டாவது ஊர் திருப்பூர். மாற்றியது இரண்டே எண்: பிள்ளைக்குப் பிள்ளை 0.9, பெரியவருக்குப் பெரியவர் 1.2. பரவல் எண் அதே 1.37. செய்தித்தாளில் போட்டால் இரண்டு ஊருக்கும் ஒரே எண் வரும், காய்ச்சல் ஒரே வேகத்தில் ஏறும்.

இப்போது பள்ளியை மூடி, பிள்ளைகளுக்குள் பரவுவதைப் பாதியாக்குகிறோம். முதல் ஊரில் 1.37 என்பது 1.07க்கு இறங்குகிறது, கிட்டத்தட்ட அணைந்த மாதிரி. திருப்பூரில் 1.29 வரைதான் இறங்குகிறது. அத்தனை பிள்ளைகளும் வீட்டில், மத்தியானச் சாப்பாடும் முட்டையும் போச்சு, வேலைக்குப் போகும் அம்மா லீவு போட்டாயிற்று, கிடைத்தது இவ்வளவுதான். பள்ளியைத் திறந்தே வைத்துவிட்டு, பெரியவர்களுக்குள் பரவுவதை வெறும் கால் பங்கு குறைத்தால் திருப்பூரின் எண் 1.18. இரண்டையும் செய்தால் 1.04.

முதல் ஊரிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். பள்ளியை மூடினால் பிள்ளைகளை அமுச்சி (பாட்டி) வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். பிள்ளைக்கும் பெரியவருக்கும் நடுவே உள்ள இரண்டு எண்ணையும் கால் பங்கு கூட்டிப் பார்த்தேன். 1.07 என்று இருந்தது 1.13 ஆகிவிட்டது.

எல்லா எண்களையும் ஒரே விகிதத்தில் கூட்டினாலும் குறைத்தாலும் எது முதலில், எது அடுத்து என்ற வரிசை மாறாது. பிள்ளைக்குப் பிள்ளை, பெரியவருக்குப் பெரியவர் என்ற அந்த இரண்டு எண்கள் இடம் மாறினால் மட்டும் வரிசையே மாறிவிடுகிறது. எதை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்பதை மாதிரி இப்படித்தான் கைகாட்டுகிறது. வைரஸின் பரவல் எண் 1.4ஆ 1.6ஆ என்று உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள். திருப்பூர் ஹாஸ்டலில் ஒரு அறையில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்பதை நாம்தான் எண்ண வேண்டும்.

கால் பங்கு குறைப்பது என்றால் கம்பெனியை இழுத்து மூடுவது இல்லை. சாப்பாட்டு நேரத்தை லைன் வாரியாகப் பிரிப்பது, ஒரே அறைக்காரர்களை ஒரே லைனில் போடுவது, கம்பெனி பஸ்ஸில் பாதி ஆளை ஏற்றி இரண்டு நடை அடிப்பது, துணிக்கட்டு தூக்குகிறவருக்கு மாஸ்க், எல்லாவற்றையும்விட முக்கியமாகக் காய்ச்சல்காரரை அன்றே தனி அறையில் படுக்க வைத்து அந்த நாள் கூலியைக் கொடுப்பது. பீஸ் ரேட்டில் தைக்கிறவர் காய்ச்சலோடு வேலைக்கு வருவதற்குக் காரணம் அறியாமை இல்லை, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். 1918இல் அதிகமாகச் செத்ததும் இருபது முதல் நாற்பது வயசுக்காரர்கள். 2009இல் வயதானவர்களில் பலருக்குப் பழைய வைரஸ்களால் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி இருந்தது, இளவயசுக்காரர்களுக்கு இல்லை. திருப்பூர் மெஷின்களில் உட்கார்ந்திருப்பது அந்த வயசுதான். மூன்று நாள் கூலி கொடுப்பதை நான் தர்மக் கணக்கில் எழுத மாட்டேன். பரவல் எண்ணைக் குறைக்கும் மருந்தாகவே எழுதுகிறேன்.

கோழிப் பண்ணைப் பக்கம்

பண்ணைக் கணக்கு தனி. இந்தியாவில் பறவைக் காய்ச்சல் முதலில் வந்தது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிராவின் நவாப்பூர் பண்ணைகளில். கேரளாவில் வாத்துகளுக்கு வரும்போதெல்லாம் வாளையாறு, கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச்சாவடிகளில் வண்டிகளுக்கு மருந்து அடிப்பதை நாம் பார்க்கிறோம். பண்ணையில் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் கோழிகளை அழிப்பது, பத்து கிலோமீட்டர் வரை கண்காணிப்பது என்பது நம் நாட்டு நடைமுறை.

மனிதர் பக்கம் பார்த்தால், 1997இல் ஹாங்காங்கில் 18 பேருக்கு எச்5என்1 தொற்றி 6 பேர் இறந்தார்கள். கொடுமையான வைரஸ், ஆனால் மனிதருக்கு மனிதர் அதன் பரவல் எண் ஒன்றுக்கு மிகவும் கீழே. அது மாறுகிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு தொற்று தானே அணையும்வரை அதில் சராசரியாக எத்தனை பேர் சிக்குவார்கள் என்பதற்கு அழகான சூத்திரம் உண்டு. ஒன்றிலிருந்து பரவல் எண்ணைக் கழித்து, அதால் ஒன்றை வகுக்க வேண்டும். பரவல் எண் 0.5 என்றால் 2 பேர். 0.8 என்றால் 5. 0.9 என்றால் 10. ஆக, ஒரு பண்ணைக் குடும்பத்தில் ஒருவருக்கு என்றால் பயம், ஆனால் புது நிலைமை இல்லை. ஒரே பண்ணையைச் சுற்றி ஐந்தாறு பேர், அதிலும் கோழியைத் தொடாதவர்களுக்கும் வந்தால் அந்த எண் ஒன்றை நெருங்குகிறது என்று அர்த்தம். நண்பரிடம் இதை ஒரு விதியாகவே எழுதிக் கொடுத்தேன்: பண்ணையாளுக்குக் காய்ச்சல் என்றால் உடனே வீட்டிலும் பக்கத்திலும் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும், அவர்களில் கோழிப் பக்கமே போகாதவர் யார் என்று தனியாகக் குறிக்க வேண்டும்.

இப்போது எக்செல்லில் இரண்டு ஊரும் தனித்தனித் தாளில் இருக்கின்றன. நண்பர் தன் பகுதி ஹாஸ்டல்களுக்கு ஒரு படிவம் கொண்டுபோகிறார்: அறை எத்தனை, ஒரு அறைக்கு எத்தனை கட்டில், சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர், பஸ்ஸில் எத்தனை பேர், தனியாகப் படுக்க வைக்க அறை உண்டா, காய்ச்சல் நாளுக்குக் கூலி உண்டா. சில கம்பெனிகள் தயங்காமல் எழுதிக் கொடுக்கின்றன. சில இடங்களில் கூலிக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல் திரும்புகிறது. அந்தக் காலியிடத்தைத் தாளில் சிவப்பில் போட்டிருக்கிறேன்.

அடுத்துச் சேர்க்க வேண்டியது தீபாவளி. வடகிழக்குப் பருவமழையில் எங்கள் பக்கம் காய்ச்சல் கூடும் நேரமும், பீகாருக்கும் ஒடிசாவுக்கும் ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்பும் நேரமும் ஒன்றாக வருகின்றன. திரும்பும் வாரத்தில் ஒருவருக்குப் பதில் ஐந்து, பத்து, இருபது பேர் தொற்றோடு இறங்கினால் என்ன ஆகும் என்று தனித்தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு எக்செல் போதாது, பைத்தானில் சொம்புச் சீட்டு ஆட்டத்தையே ஆயிரம் தடவை ஆட வைக்கும் சின்ன நிரல் ஒன்றை, அன்று கேள்வி கேட்ட பெண்ணும் அவள் வகுப்புத் தோழிகளும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.